மண்மட்டத்தில் ஒரு சாண்

மரத்தாலான வேலிக்கால் உச்சியிலிருந்து சாவதில்லை. அடிமுனையிலிருந்தும் பெரும்பாலும் சாவதில்லை. மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண்: அந்த இடத்தில்தான் இற்று முறிகிறது. சாய்ந்துபோன பழைய கால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆழத்தில் புதைந்திருந்த முனை கெட்டியாக இருக்கும். பாகல் கொடி படர்ந்திருந்த மேல்பகுதியும் திடமாக இருக்கும். இடையில் உள்ள அந்தச் சிறு பகுதி மட்டும் விரலால் கிள்ளினாலே உதிரும்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் பேட்டையின் சமூகத் தோட்டத்தில் வேலை செய்பவன் நான். கிராஞ்சிப் பக்கம் நண்பர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்திலும் அவ்வப்போது கை கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் பச்சைப் பிளாஸ்டிக் வலையும் இரும்புக் குழாயும் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. மரத்தால் வேலி அமைக்க முடியும், சிங்கப்பூரில்கூட முடியும் என்று நம்புகிறேன். எந்த மரம் என்று பெயரைக் கேட்பதற்கு முன்னால் அந்த ஒரு சாண் இடத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. அதற்கு நான்கும் வேண்டும்: ஈரம், காற்று, வெப்பம், உணவு. மரமே உணவு. தரைக்கு மேலே மழை நின்றதும் வெயிலும் காற்றும் மரத்தை உலர்த்திவிடுகின்றன. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. மண்மட்டத்தில்தான் நான்கும் ஒன்றுசேர்கின்றன.

காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. சிங்கப்பூரின் பழைய கட்டடங்கள் பலவற்றின் அடியில் பாக்காவ் எனப்படும் சதுப்புநில மரத்தின் கழிகளை அடித்தளமாக இறக்கியிருக்கிறார்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்க நனைந்தே கிடக்கும் அந்தக் கழிகள் பல பத்தாண்டுகளாகக் கட்டடத்தைத் தாங்குகின்றன. அதே கழியை ஒரு முழம் புதைத்து வேலிக்காலாக நட்டுப் பாருங்கள், சீக்கிரமே மண்மட்டத்தில் ஒடியும்.

நம்மில் பலர் தோட்டக்கலையைப் பிரிட்டன், ஜெர்மனிக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துக் கற்கிறோம். அவர்கள் ஓக், ஸ்வீட் செஸ்ட்நட், ரொபீனியா ஆகிய மரங்களைப் புகழ்வார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டு நிற்கும் என்பார்கள். அவர்கள் நாட்டில் அது உண்மைதான். அந்த ஆண்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் சிக்கல். பிரிட்டனில் மரங்களின் உறுதியைத் தரம் பிரித்தவர்கள் இரண்டு அங்குலச் சதுர முளைகளை மண்ணில் நட்டுப் பார்த்தார்கள். 25 ஆண்டுக்கு மேல் தாங்கியது மிக உறுதியானது. 15 முதல் 25 வரை உறுதியானது. 10 முதல் 15 வரை நடுத்தரம். 5 ஆண்டுகூடத் தாங்காதது கடைசித் தரம். மலேசியாவிலும் ஏறக்குறைய அதே அளவு முளைகளை நட்டுத்தான் தரம் பிரித்தார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டினாலே அது மிக உறுதியான மரம். 5 முதல் 10 வரை உறுதியானது, 2 முதல் 5 வரை நடுத்தரம், 2 ஆண்டுக்குள் விழுவது உறுதியற்றது.

அங்கே குளிர்காலத்தில் பூஞ்சை உறங்கிவிடும். நமக்கு அந்த ஓய்வே இல்லை. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் மழை, மொத்தம் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். வெப்பநிலை இரவில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. கறையான் வேறு ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுக் கட்டுரையில் '25 ஆண்டு' என்று படித்தால் மனத்துக்குள் பத்து என்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டு அங்குல முளைக்குப் பதில் நான்கு அங்குலக் கால் நட்டால் ஆயுள் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காலின் தடிமனுக்குக் கொடுக்கும் பணம் வீணாவதே இல்லை.

அடுத்தது வைரம். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது.

மரத்தின் வெளி வளையத்தில் உயிரோட்டம் இருக்கும், நீர் ஏறும், மாச்சத்து தங்கும். தச்சர்கள் அதை 'வெள்ளை' என்பார்கள். உள்ளே முதிர்ந்து, கறுத்து, பிசினும் துவர்ப்பொருள்களும் ஊறிய பகுதிதான் வைரம். பூஞ்சையையும் கறையானையும் தடுப்பது அந்த ஊறிய பொருள்கள்தான். உலகத்தில் எவ்வளவு பெயர்போன மரமாக இருந்தாலும் அதன் வெள்ளைப் பகுதிக்கு உறுதி கிடையாது. தேக்கின் வெள்ளையும் அப்படித்தான், மலேசியக் காட்டு மரமான செங்காலின் வெள்ளையும் அப்படித்தான். தரப் பட்டியல்களில் உள்ள ஆண்டுகள் எல்லாம் வைரத்துக்கு மட்டுமே சொல்லப்பட்டவை.

செஸ்ட்நட்டும் ரொபீனியாவும் வேலிக்குப் பேர்பெற்றதன் காரணமும் இதுதான். அவை இளம் வயதிலேயே வைரம் பாய்ந்துவிடுகின்றன. கை பிடிக்கும் அளவு தடிமனுள்ள கழியில்கூட வெள்ளை மெல்லிய வளையமாக மட்டுமே இருக்கும். அதனால் வெட்டிய கழியைப் பட்டை சீவி அப்படியே நடலாம். அடிக்கட்டை மறுபடி துளிர்த்துச் சில ஆண்டுகளில் அடுத்த கழியைத் தரும். நம் மழைக்காட்டுப் பெருமரங்கள் அப்படியல்ல. அவற்றின் இளங்கழி பெரும்பாலும் வெள்ளைதான். 'செங்கால் கழி' என்று யாராவது மெல்லிய உருண்டைக் கம்பு விற்றால் வாங்கவே கூடாது. நமக்கு வேண்டியது பெருமரத்தின் நடுவிலிருந்து அறுத்த சதுரக்கால். அந்தப் பெருமரமோ நூறு ஆண்டு வளர்ந்தது. வெள்ளரிக்கொடிக்கு வேலி கட்ட அப்படியொரு மரத்தை வெட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த உறுத்தல்தான் பழைய மரத்தையும் உயிருள்ள காலையும் நோக்கி என்னைத் தள்ளியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பனை, மூங்கில் வகை இதற்கு நேர்மாறானது. பனையில் உள்ளே சோறு, மூங்கிலில் வெற்றிடம்; இரண்டிலும் வெளியேதான் வைரம். அகக்காழ், புறக்காழ் என்று நம் பழைய இலக்கணம் அன்றே பிரித்துவைத்திருக்கிறது. வேலி போடுகிறவனுக்கு இன்றும் அந்தப் பாகுபாடு பயன்படுகிறது. தேக்குக் காலில் வெளிப்புறத்தைச் சீவி எறிய வேண்டும், பனங்காலில் வெளிப்புறத்தைக் காப்பாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் முதிர்ந்த பனையைப் பிளந்து கால் நடுவார்கள். இந்தப் பகுதிக் கடலோரங்களில் அதே வேலையை நிபோங் பனை செய்தது. கேலோங் எனப்படும் கடல்மீன் கூடங்களை நிபோங் கம்பங்களின் மேல்தான் கட்டினார்கள்.

மரம் வாங்க நான் போவது சுங்கை காடுட். மரப்பட்டறைகளும் அறைகலன் தொழிற்கூடங்களும் நிறைந்திருந்த அந்த வட்டாரம் இப்போது உருமாறிக்கொண்டிருக்கிறது. இருக்கும் பட்டறைகளில் இன்னும் நல்ல மரம் கிடைக்கிறது. பெயர்கள் பல காதில் விழும்: செங்கால், பாலாவ், காப்பூர், கெம்பாஸ், மெர்பாவ், கெருயிங், மெராந்தி. மண்ணில் நட என்றால் என் பட்டியல் மிகச் சிறியது. செங்கால், பாலாவ் இரண்டும் மிக உறுதியானவை. போர்னியோவின் பெலியானும் அந்த வரிசையில் வரும், விலைதான் எட்டாது. காப்பூரையும் மெர்பாவையும் மண்ணைத் தொடாத குறுக்குச் சட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மெர்பாவ் புதிதாக இருக்கும்போது மழையில் பழுப்புச் சாயம் கசியும். நடைபாதை ஓரத்தில் போட்டால் சிமெண்டுத் தரையெல்லாம் கறை. மெராந்தியும் ரப்பர் மரமும் வீட்டுக்குள் இருக்க வேண்டியவை.

பாலாவ் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். சிவப்புப் பாலாவ் என்று இன்னொன்று உண்டு. பெயர்தான் ஒன்று, உறுதி ஒன்றல்ல. சிவப்புப் பாலாவ் எடை குறைவு, மண்ணில் நடுத்தரமாகவே தாங்கும். கடைக்காரர் வெறுமனே 'பாலாவ்' என்றால் எது என்று கேட்டுவிடுங்கள். செங்கால் மரத்தின் எடை கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும், தண்ணீரின் எடையை நெருங்குகிறது. வெட்டி எறிந்த துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்ட முழுக்க அமிழ்ந்துவிடும். பாதி மிதந்தால் சந்தேகப்படலாம். செங்கால் பலகையில் ஊசித்துளைகள் இருந்தால் பலர் பூச்சி என்று பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். மரம் நின்றுகொண்டிருந்த காலத்தில் வண்டு துளைத்தவை அவை. அறுத்து உலர்ந்தபின் அந்த வண்டு அதில் வாழ்வதில்லை. நான் பயப்படுவது பலகையின் ஓரத்தில் ஓடும் வெளிறிய பட்டையைக் கண்டுதான்.

அந்தப் பட்டையை எனக்குத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தவர் பட்டறையில் வேலை செய்யும் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர். "அண்ணே, இந்த மரக்கட்டுக்குள் பாதிக்கு வெள்ளை இருக்கிறது. மேலே சட்டம் அடிக்க என்றால் இதுவே போதும். மண்ணில் நடுவதற்கு என்றால் சொல்லுங்கள், நானே பிரித்துத் தருகிறேன்" என்றார். வெட்டுமுனையை நனைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வெள்ளை எங்கே முடிகிறது, வைரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டதுபோல் தெரிந்தது. மரம் வாங்கப் போகும்போது ஒரு சிறு போத்தலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

புதிய செங்கால் வாங்குவதைவிடப் பழையதை நான் விரும்புகிறேன். இடித்த வீடுகளின் உத்தரங்கள், கழற்றிய நடைமேடைப் பலகைகள் பட்டறைகளில் வந்து விழுகின்றன. ஆணித்துளையும் வெயில் வெடிப்பும் இருக்கும், வைரம் அப்படியே இருக்கும். மேல்பரப்பின் சாம்பல் நிறத்தைச் சீவினால் உள்ளே கரும்பழுப்பு மின்னும். அந்த மரத்துக்காக இனி எந்தக் காட்டிலும் கோடரி விழ வேண்டியதில்லை. ஆனால் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை மட்டும் காய்கறித் தோட்டத்துக்குள் விடாதீர்கள். கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறவைத்த கட்டைகள் அவற்றில் பல. வெயிலில் வாடை வீசும், கையில் பிசுபிசுக்கும். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்.

பணம் குறைவு என்பவர்கள் நாடுவது மருந்தேற்றிய பைன் மரம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மருந்து ஏற்றும் முறையில் நம் பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு: செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து மரத்துக்குள் செலுத்தும் முறையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் சோன்டி காமேசன். உலகமெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் அந்த மருந்தால் பல பத்தாண்டுகள் நின்றன. அதில் உள்ள ஆர்சனிக் மெல்ல மண்ணில் கசிகிறது என்பதால் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். ஆகவே கீரைப் பாத்தியருகே நடும் காலுக்கு ஆர்சனிக் இல்லாத, செம்பு அடிப்படையிலான மருந்தேற்றிய மரத்தையே கேட்டு வாங்குங்கள். செம்பு மிகுந்த மருந்து சாதாரண ஆணியை அரிக்கும். தடித்த துத்தநாகப் பூச்சுள்ள ஆணியோ எவர்சில்வர் திருகாணியோ போட வேண்டும்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலிய பைன் மரத்தின் முனையில் எச்3, எச்4 என்று அச்சடித்திருக்கும். எச்3 மழையில் நனையலாம், மண்ணைத் தொடக் கூடாது. மண்ணில் நட எச்4 வேண்டும். விலை வித்தியாசத்தைப் பார்த்து எச்3 வாங்கி நட்டால் அந்த ஒரு சாண் இடம் சும்மா விடாது. இன்னொன்று. மேலே வைரம் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகிறது. மருந்தைக் குடிப்பது வெள்ளைப் பகுதிதான், பைனின் வைரம் குடிப்பதில்லை. ஆகவே மருந்தேற்றிய காலின் வெளிப்புறத்தைச் சீவக் கூடாது, அடியைக் கூர்மையாக்கவும் கூடாது. நீளம் குறைக்க வேண்டுமென்றால் வெட்டிய முனையை மேலே வைத்து, மருந்து பூசி, ஆலையில் வந்த முனையை மண்ணுக்குள் விடுங்கள்.

மூங்கில் அழகு, ஆனால் மண்ணில் நட்டால் ஓரிரண்டு ஆண்டுதான். போராக்ஸில் ஊறவைத்தாலும் அந்த உப்பு மழையில் கரைந்து வெளியேறிவிடும். பந்தலுக்கும் குறுக்குக் கழிக்கும் மூங்கில் போதும். அறுக்கும்போது கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட அறுங்கள். இல்லாவிட்டால் கிண்ணம்போல் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் துணிக்கழி செருகும் குழாய்களில் கொசு பெருகிய கதை இந்த ஊருக்குப் பழையது.

மரம் சரி, நடுவது எப்படி? குழிக்குள் சரளைக்கல் போட்டால் நீர் வடியும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். மணல் நிலத்தில் அது பலிக்கும். சிங்கப்பூரில் பல இடங்களில் களிமண். அதில் தோண்டிய குழியில் சரளை போட்டால் சுற்றியுள்ள மழைநீரெல்லாம் வந்து தேங்கும் கிணறாகிவிடும். களியில் நடுவதானால் குழியை இறுக்கமாகத் தோண்டி, எடுத்த மண்ணையே அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, மேலே சுற்றிலும் சிறு மேடாக்கி நீர் விலகி ஓடும்படி செய்வேன். காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். காங்கிரீட் ஊற்றுபவர்கள் அடியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மரம் சுருங்கியதும் விளிம்பில் ஏற்படும் இடுக்கில் நீர் இறங்கித் தேங்கும். காங்கிரீட் அவசியம் என்றால் கழுத்துப்பட்டைபோல் சுற்றிலும் மட்டும் போட்டு, அடியைத் திறந்து விட்டு, மேல்முகத்தைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல வழி மரத்தை மண்ணிலிருந்து பிரிப்பது. காங்கிரீட்டில் இரும்புக் காலணியைப் பதித்து, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் மரக்காலை நிறுத்தினால் அந்த ஒரு சாண் ஆபத்தே இல்லாமல் போகிறது. நடுத்தர மரமும் நீண்ட நாள் நிற்கும். கறையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், கண்ணில் பட்டுவிடும். உச்சியைச் சரிவாக வெட்டுங்கள். வெட்டுமுனைதான் மழையை அதிகம் குடிக்கிறது. காலடியில் இலைச்சருகையும் உரத்தையும் குவிக்காதீர்கள்.

அடியை நெருப்பில் கருக்கி நடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கரிந்த தோல் மெல்லியது, வெடிப்பு விடும், வெடிப்பின் வழியே பூஞ்சை நுழையும். வேலிக்காலுக்கு அதை நான் நம்புவதில்லை. பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவதைக் கிராஞ்சியில் சிலர் இன்னும் செய்கிறார்கள். அது மேலோட்டமாகத்தான் நிற்கிறது, மழையில் கழுவி மண்ணில் சேர்கிறது. நாம் சாப்பிடும் கீரை வளரும் மண் அது.

இனி உயிருள்ள கால். தமிழ்நாட்டில் கிளுவையும் ஒதியமும் கல்யாணமுருங்கையும் போத்து வெட்டி நட்டு வேலியாவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று கேட்ட ஊரில் அதே ஒதி வேலியில் நின்று தன் வேலையைச் செய்தது. சிங்கப்பூரிலும் இது புதிதல்ல. 1970களில் சாலையோரங்களுக்குச் சட்டென்று நிழல் வேண்டும் என்று அங்சானா மரத்தின் பெருங்கிளைகளை வெட்டி நேரடியாக நட்டார்கள், அவை வேர்விட்டு மரமாயின. அங்சானா தோட்டத்துக்குப் பெரிது. கிளைரிசிடியாவும் முருங்கையும் போதும். மணிக்கட்டு அளவு தடிமன், ஆளுயரம், அடிமுனை சாய்வெட்டு, இரண்டு முழத்துக்கு ஒன்று. மழை தொடரும் நவம்பர், டிசம்பரில் நட்டால் நன்றாக வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் முருங்கை அழுகும். உயிருள்ள திசுவைப் பூஞ்சை எளிதில் தின்பதில்லை. அந்த ஒரு சாண் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகிறது. கழித்த கிளைரிசிடியா இலை பாத்திக்குத் தழையுரம், முருங்கைக் கீரை சமையலுக்கு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழிக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பாத்தியில் நிழல் விழும். ஆணி அடிக்காமல் அகலமான ரப்பர் பட்டையால் குறுக்குக் கழியைக் கட்டி, தண்டு தடிக்கத் தடிக்கத் தளர்த்திவிட வேண்டும்.

எங்கள் சமூகத் தோட்டத்தில் உயிர்க்கால் நட இடமில்லை. அங்கே பழைய செங்கால் சதுரங்களை இரும்புக் காலணியில் நிறுத்தியிருக்கிறோம். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் மாதந்தோறும் ஒரு திருப்புளியோடு வேலியைச் சுற்றி வருவார். காலணிக்குச் சற்று மேலே, காலின் அடியில் முனையை வைத்து அழுத்துவார். உள்ளே இறங்கினால் அந்தக் கால் மாற்ற வேண்டியது. கிராஞ்சி நிலத்தில் வாசலுக்கும் மூலைகளுக்கும் மட்டும் நான்கு அங்குலப் பாலாவ் வைரக்கால், இடையிலெல்லாம் கிளைரிசிடியா என்று திட்டம் போட்டிருக்கிறோம். வாசற்கதவின் எடையையும் கம்பி இழுக்கும் விசையையும் இளங்கால் தாங்காது என்பதால் அந்த இடங்களில் மட்டும் மரம் விலை கொடுத்து வாங்குகிறோம். போத்துகளை அண்டை நிலத்துக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மழை தொடங்கியதும் வெட்டப் போகிறோம்.